கம்பி நீட்டுதல்

டாட்ஜ் என்பது முதலில் ஒரு கார்.
பச்சை நிறம், ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும்.
அறுபத்தெட்டு பிப்ரவரியில்
வெண்டல் ஹக்காலா அதை ஓட்டிக்கொண்டு
ரெய்னி ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது
சக்கரத்தில் எவ்லெத் சுரங்கத்தின் செந்தூள்
உறைந்து ஒட்டியிருந்தது.

எதற்கு வருகிறாய் என்றார் கனடா அதிகாரி.
மீன் பிடிக்க.
பின்சீட்டில் தூண்டில் இல்லை,
பனியில் துளைபோடும் திருகும் இல்லை,
ஒரு என்லார்ஜர் மட்டும்
கம்பளியில் சுற்றிக் கிடந்தது.
அதைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.
"நல்லாக் கடிக்குது இந்த வருஷம்."
குளிரைச் சொன்னாரா மீனைச் சொன்னாரா,
இன்றுவரை தெரியாது.

போர்ட் ஆர்தரில் அறை கிடைத்த வாரமே
அப்பாவின் கடிதம்.
கடிதம் என்று சொல்லக் கூடாது. உறைக்குள்
ஊர்ப் பத்திரிகையில் கத்தரித்த ஒற்றைச் சொல்:
டாட்ஜர்.
கத்தரி நேராக ஓடியிருந்தது.
சுரங்கத்துக்கு வரைபடம் போட்ட கை.

இந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவர
நான் பட்ட பாடு வேறு.
தட்டிக்கழித்தவன் என்றால்
வீட்டுவேலைக்குச் சொன்னதுபோல் ஆகிறது.
டிமிக்கி கொடுத்தவன், பள்ளிக்கூடப் பையன்.
நழுவியவன் என்றால் கால் வழுக்கிவிட்டது,
அவன் முடிவெடுக்கவே இல்லை என்று வருகிறது.
கம்பி நீட்டினான் என்று எழுதிப்பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

தம்பி டுவேன் போனான்.
போய்த் திரும்பியும் வந்தான், கைகால் முழுசாக.
பிறகு ஐம்பது வருஷம் அவனும்
அதே வினைச்சொல்லுக்குள்தான் குடியிருந்தான்:
ஜூலை நாலாம் தேதி முதல் வாணம் வெடிக்கும் முன்
நிலவறைக்குள் இறங்கிவிடுவான்.
கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டான்.
அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது ஆரம்பித்தால்
இன்னொரு காப்பி வேண்டுமா என்பான்.
அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

எழுபத்தேழில் மன்னிப்பு வந்தது.
வெண்டல் ஊர்ப்பக்கம் போகவில்லை.
கேட்காத மன்னிப்பை எந்தக் கையால் வாங்குவது என்றான்.
அதுவும் ஒரு டாட்ஜ்தான் என்றாள் இர்யா, மனைவி.
அன்று ராத்திரி இருட்டறையில் படுத்தான்.

போன செவ்வாய்
தம்பி மகள் ஒரு நெகட்டிவ் அனுப்பியிருந்தாள்.
டுவேன், இருபது வயது.
ஹெல்மெட்டின் நிழல் முகத்தைத் தின்றிருந்தது.
பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கணும் பெரியப்பா,
முகம் தெரிகிற மாதிரி வருமா?

வரும். அதற்கும் அங்கே அதே பெயர்தான்.
தாளில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும்;
முகம் தெளிய வேண்டுமானால்
முகத்துக்கு வருகிற வெளிச்சத்தைக்
கொஞ்ச நேரம் தடுக்க வேண்டும்.
காசளவு அட்டை. அதைத் தாங்க ஒரு மெல்லிய கம்பி.
ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
நின்றால் விளிம்பு விழுந்துவிடும்,
மறைத்த கை பிடிபட்டுவிடும்.

சிவப்பு விளக்கில்
எழுபத்தைந்து வயதுக் கை
கம்பியை நீட்டுகிறது.
எட்டு விநாடி.
ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறைந்துகொள்.
என் மொழிக்கு முன்பே தெரிந்திருக்கிறது,
எனக்குத்தான் தெரியவில்லை.

ஆறு தாள் பாழ்.
ஒன்றில் பேய்போல் வெளுத்திருந்தான்.
ஏழாவதில், டெவலப்பரின் அடியிலிருந்து
தம்பி மேலே வந்தான்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
யாரையோ திட்டப்போகிறவன் மாதிரி.

இப்போது வண்டி டொயோட்டா.
பிஜன் ஆற்று வழி கிட்டம்தான்,
இந்தப் பாலம்தான் என்று பிடிவாதம் பிடித்தான்.
பின்சீட்டில் படம், அதே கம்பளியில்.
கூண்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு முப்பதுகூட இராது.
எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பாள்.
முன்னால் மூன்று கார்கள்.
இர்யா கையுறையைக் கழற்றி
அவன் முழங்காலில் கை வைக்கிறாள்.
ரெண்டு கார்.